எகோர் கட்டிய சாக்கு

ஸ்தெப்னோய்
1966 அக்டோபர் 9

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா கிளாபீரா நிகீதிச்னாவுக்கு, உஸ்தீன்யா எழுதுவது.

முதலில் பிள்ளைகள் விஷயம். பெரிய பேரன் கென்னாதி சதுரங்கத்தில் மாவட்டத்திலேயே இரண்டாவதாக வந்திருக்கிறான். முதலில் வந்த பையனுக்கு மீசை முளைத்துவிட்டது, அதனால் இதை நான் தோல்வி என்று எடுத்துக்கொள்ளவில்லை. பேத்தி பியானோ வாசித்ததைக் கேட்டு இசைப் பள்ளி இயக்குநரே எழுந்து நின்றார். சின்னவன் போரியா கோடையில் தோன் ஆற்றைக் குறுக்கே நீந்திவிட்டான். பின்னாலேயே படகு போனது உண்மைதான், ஆனால் அவன் அதைத் தொடவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே என் மகன் வாதிம். எங்கள் தொழிற்சாலையின் புது இரட்டை மின் இன்ஜினை உங்கள் பக்கத்து ஷெட்டில் பார்த்திருப்பீர்கள். முன்பு வந்த வண்டிகளில் மின்சாரத்தை ஒரே திசையில் ஓடவைக்கப் பாதரசக் குடுவைகள் இருந்தன. அவற்றைக் கைக்குழந்தை மாதிரி சூடு பார்த்துக் குளிர் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது அது போய் சிலிக்கான் வந்துவிட்டது. எட்டு அச்சு, மலை மாதிரி கூட்ஸை இழுக்கிறது. அதில் ஒரே ஒரு குறை, பனிக்காலத்தில் மோட்டாருக்குள் பனித்தூள் போய்விடுகிறது. அதைத் தடுக்க, மோட்டாரைக் குளிர வைக்கும் காற்று நுழையும் சன்னலில் மாட்டும் துணிச் சட்டம் ஒன்றை வாதிம் கண்டுபிடித்திருக்கிறான். பரிசு, சான்றிதழ், செய்தித்தாளில் படம். இனி வரும் வண்டிகள் எல்லாம் அந்தச் சட்டத்தோடுதான் வெளியே போகும்.

உங்கள் மகன் எகோரைப் பற்றிச் சொல்லும்படி ஏதாவது உண்டா? என் மகளை அவ்வளவு தூரம் சைபீரியாவுக்குக் கட்டிக்கொடுத்தேன். ரிம்மா எனக்கு ஒரு வரி எழுதி ஒரு வருஷமாகப் போகிறது. உங்கள் வீட்டில் மை உறைந்துவிட்டதா என்று கேட்கத் தோன்றுகிறது.

உஸ்தீன்யா


கெத்ரோவ்கா
1966 அக்டோபர் 23

உஸ்தீன்யா ப்ரோகரோவ்னா,

உங்கள் கடிதத்தை அடுப்பில் போடத்தான் எடுத்தேன். பிறகு, பதில் எழுதிவிட்டுப் போடலாம் என்று வைத்தேன்.

துணிச் சட்டம் என்று எழுதியிருக்கிறீர்களே, அது என் சாக்கு. என் வீட்டுச் சர்க்கரைச் சாக்கு. அதைக் கிழித்து, விளிம்பு மடித்து, நாடா வைத்துத் தைத்தவள் நான். இன்ஜினின் காற்றுச் சன்னலில் கட்டியவன் எகோர். இது நடந்தது போன குளிர்காலத்தின் தொடக்கத்தில். உங்கள் மகன் அப்போது எங்கள் ஊர் எந்தப் பக்கம் என்றுகூட அறிந்திருக்க மாட்டார்.

இங்கே விழுவது உங்கள் தோன் கரைப் பனி அல்ல. மாவு மாதிரி இருக்கும். கூட்ஸ் ஓடும்போது கிளம்பி, காற்றோடு சேர்ந்து உள்ளே போகும். மோட்டார் சூட்டில் உருகும், சுற்றுக் கம்பியெல்லாம் நனையும். அடுத்தமுறை மின்சாரம் ஏறும்போது புகை. அந்தப் பருவத்தில் எங்கள் ஷெட்டில் புது வண்டிகள் வரிசையாக எரிந்தன. ஜனவரி வரை எகோர் வண்டி மட்டும் எரியவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, சாக்கை அவிழ்த்து, உதறி, மறுபடி கட்டுவான். இரண்டாவது ஜோடி என் அடுப்புக்குப் பின்னால் காய்ந்துகொண்டிருக்கும்.

மோட்டார் ஏன் எரிகிறது என்று பார்க்க ஜனவரியில் தொழிற்சாலையிலிருந்து ஆய்வுக்குழு வந்தது. உங்கள் மகன் அதில் இருந்தார். விடுதி வேண்டாம், தங்கை வீட்டில் தங்குகிறேன் என்று இங்கே வந்தார். என் கையால் பிடித்த இறைச்சிக் கொழுக்கட்டையை இரண்டு தட்டு தின்றார். அடுப்பருகே கட்டில் போட்டுக் கொடுத்தேன். காலையில் சாக்கைத் தொட்டுப் பார்த்துக் கேட்டார்:

"என்ன அத்தை இது, மாவு சலிக்கவா?"

"இல்லப்பா, எகோர் வண்டிக்கு. குளிர்ல நாம மூக்கை மூடிக்கிறோம்ல, அது மாதிரி அதுக்கும்."

சன்னலுக்கு நேரே பிடித்து, வெளிச்சம் எவ்வளவு வருகிறது என்று பார்த்தார். "ரொம்ப அடர்த்தியும் இல்ல, ரொம்ப இளசும் இல்ல" என்றார். நான் பெருமைப்பட்டேன். முட்டாள்.

பிறகு அவர் எழுதிய அறிக்கையில் என்ன இருந்தது தெரியுமா? டிரைவர் விதியை மீறிக் காற்றுச் சன்னலைச் சாக்கால் மூடினார், அதனால் மோட்டார் சூடேறி எரிந்தது. எகோருக்கு வண்டி ஓட்டும் உரிமை பறிபோனது. இன்றைக்கு அவன் ஷெட்டுக்குள் அடுத்தவன் ஓட்டும் வண்டிக்கு நட்டு முடுக்கிக்கொண்டிருக்கிறான். ஒரு வருஷத்துக்குள் உரிமை திரும்பாவிட்டால், மறுபடியும் உதவியாளனாகத் தொடங்கிப் பரீட்சை எழுத வேண்டும். ஜனவரியில் அந்த வருஷம் முடிகிறது. முப்பத்தெட்டு வயதில், தான் பழக்கிவிட்ட பையன்களுக்குக் கீழே.

எங்கள் வீட்டில் மை உறையவில்லை. உங்கள் மகனின் படத்தைச் செய்தித்தாளிலிருந்து வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கிளாபீரா


ஸ்தெப்னோய்
1966 நவம்பர் 4

கிளாபீரா நிகீதிச்னா,

என் மகனைத் திருடன் என்று எழுத உங்கள் கை கூசவில்லையா? அப்பா போரில் போன பிறகு, தொழிற்சாலையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றி, விரலெல்லாம் வெடித்து, ஒற்றை ஆளாக அவனைப் படிக்க வைத்தேன். நான் ஐந்தாம் வகுப்பு. அவன் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவன். சாக்கைப் பார்த்துப் பாடம் படிக்க வேண்டிய நிலையில் அவன் இல்லை.

ஊரெல்லாம் சாக்கு இருக்கிறது. நாளைக்கு உருளைக்கிழங்கும் எங்கள் வீட்டில்தான் முளைத்தது என்பீர்கள். சன்னலை எதைக் கொண்டும் மூடக் கூடாது என்று விதி இருக்கும்போது மூடினால், அது யார் தப்பு? காற்றுப் போகாவிட்டால் சிலிக்கான் வெந்துபோகும், இது எனக்கே தெரியும். வாதிம் செய்தது அளவெடுத்த துணி, உலோகச் சட்டம், ஆறு மாதச் சோதனை. உங்கள் மகன் செய்தது கந்தல் கட்டியது. தன் தங்கை புருஷன் என்று பார்க்காமல் உள்ளதை எழுதினான் என்றால், அதற்கு அவனைப் பாராட்டத்தான் வேண்டும்.

கொழுக்கட்டைக் கணக்கை எழுதியிருக்கிறீர்கள். விருந்தாளி தின்றதை எண்ணி வைக்கும் பழக்கம் எங்கள் பக்கம் இல்லை.

ரிம்மாவை எனக்கு எழுதவிடாமல் தடுப்பது நீங்கள்தான் என்று இப்போது புரிந்துவிட்டது. அவளுக்கு நான் தனியாக எழுதிக்கொள்கிறேன்.

உஸ்தீன்யா


கெத்ரோவ்கா
1966 நவம்பர் 17

உஸ்தீன்யா ப்ரோகரோவ்னா,

இதோடு ஒரு பார்சல் வருகிறது. உள்ளே இருப்பது சாக்கு. துவைக்கவில்லை. முகர்ந்து பாருங்கள், அடுப்புப் புகையும் இன்ஜின் எண்ணெயும் அடிக்கும். உங்கள் மகனின் அளவெடுத்த துணியைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள்.

விதி என்றீர்கள். ஆய்வுக்குழு வேலையைத் தொடங்கிய முதல் நாளே, விதிப்படி, எகோர் வண்டியிலிருந்து சாக்குகளைக் கழற்றச் சொன்னார்கள். "கழட்டினா எரியும்"னு எகோர் சொன்னான். "நாங்க இருக்கோம்ல, ஓட்டுங்க"ன்னு உங்கள் மகன் சொன்னார். கழற்றி ஓட்டினான். கணவாயைத் தாண்டும்போது எட்டு மோட்டாரில் மூன்றாவது எரிந்தது. சாக்கு இல்லாமல் எரிந்த மோட்டாரை, சாக்கால் எரிந்தது என்று எழுதினார்கள். இல்லையென்றால் பனி புகுவது வண்டியின் குறை என்று ஆகும், வரிசையில் நிற்கும் புது வண்டிகளை யாரும் கையெழுத்துப் போட்டு வாங்கமாட்டார்கள். இதை எனக்குப் படித்தவர் யாரும் சொல்லவில்லை. ஷெட்டில் துடைப்பம் பிடிக்கிறவளுக்கும் தெரியும்.

ரிம்மாவை நான் தடுக்கிறேனா? உங்கள் இரண்டு கடிதத்தையும் அவள் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா?

"எழுதினா உண்மையத்தான் எழுதணும் அத்தை. அண்ணன் இப்பிடின்னு தெரிஞ்சா எங்கம்மா தாங்காது. பொய் எழுதவும் எனக்கு வரல. அதான் சும்மா இருக்கேன்."

உங்கள் மகள் ஒரு வருஷமாக வாயைக் கட்டிக்கொண்டிருப்பது உங்களைக் காப்பாற்ற. இதை எழுதியது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் என்னோடும் பேசமாட்டாள். பரவாயில்லை.

புத்தாண்டுக்குள் எகோரின் உரிமை திரும்ப வேண்டும். இல்லையென்றால் மாஸ்கோவுக்கு எழுதுவேன். எங்கள் ஷெட்டில் கையெழுத்துப் போட ஆட்கள் இருக்கிறார்கள்.

கிளாபீரா


ஸ்தெப்னோய்
1966 நவம்பர் 29

கிளாபீரா நிகீதிச்னா,

உங்கள் பார்சல் வந்தது. தபால் நிலையத்துப் பெண் இரண்டு விரலால் தூக்கிக் கொடுத்து, "பாட்டி, இதுல என்ன செத்துப்போச்சு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். நீங்கள் நினைத்தது நடந்தது, சந்தோஷப்படுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வாதிம் சாப்பிட வந்தபோது அதை எடுத்துப் போட்டேன்.

"இது யாரோடதுடா?"

பார்த்ததும் தெரிந்துகொண்டான். சூப்பைக் கிண்டிக்கொண்டே இருந்தான். "அம்மா, சாக்கு கட்டுறது டிரைவருங்க எல்லாருக்கும் தெரிஞ்ச சமாச்சாரம். யோசனை யாருக்கும் சொந்தமில்ல. வரைபடம் என்னோடது."

"யாருக்கும் சொந்தமில்லாததுக்கு எகோருக்கு மட்டும் ஏன் தண்டனை?"

"அது வேற விஷயம்மா. உனக்குப் புரியாது."

புரியாது என்ற வார்த்தை எனக்குப் பிடிக்காது. சொல்லிவிட்டேன். கடைசியில் ஒரு வழிக்கு வந்தான். பரிசுச் சான்றிதழில் ஐந்து பேர் இருக்கிறார்கள். வாதிம், அவன் பிரிவுத் தலைவர், தலைமை வடிவமைப்பாளர், தொழிற்சங்கச் செயலாளர், இன்னொருவர் யாரென்று அவனுக்கே நினைவில்லை. எங்கும் அப்படித்தான் போடுவார்கள். ஆறாவதாக எகோர் பெயரையும் சேர்த்துவிடுகிறானாம். பணத்தில் பங்கும் வரும். இதைவிட ஒருவன் இறங்கி வர முடியாது.

வாதிம் தப்பு செய்தான் என்று நான் சொல்லவில்லை. சம்பந்தம் கெடக் கூடாது என்று சொல்கிறேன். மாஸ்கோவுக்கு எழுதுகிறேன் என்று மிரட்டுவதை நிறுத்துங்கள். அவனுக்கு மூன்று பிள்ளைகள்.

உஸ்தீன்யா


கெத்ரோவ்கா
1966 டிசம்பர் 9

உங்கள் கடிதத்தை எகோரிடம் படித்துக் காட்டினேன். உறைந்த கையைத் தொட்டியில் கழுவிக்கொண்டிருந்தான். சிரித்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தான், நல்ல சிரிப்பு இல்லை.

"ஒரே சாக்கு. ஒரு காகிதத்துல எரிச்சவன், இன்னொரு காகிதத்துல காப்பாத்தினவன். நான் ரெண்டு பேரா இருந்தாத்தான் உண்டு. மச்சான எதாவது ஒண்ணை வச்சுக்கச் சொல்லு. எனக்குப் பரிசும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். என் சீட்டைக் குடுத்தா போதும்."

ஆறாவது பெயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தம் கெட்டது போன ஜனவரியில், என் சாப்பாட்டு மேசையில். உங்களுக்குச் செய்தி இப்போதுதான் வந்திருக்கிறது.

அவருக்கு மூன்று பிள்ளைகள் என்றால் எகோருக்கு ஒன்று. எண்ணிக்கை குறைவு என்று சலுகை கேட்கவில்லை.

கிளாபீரா


ஸ்தெப்னோய்
1966 டிசம்பர் 20

கிளாபீரா நிகீதிச்னா,

இதை உங்களுக்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பரிசுக்காக வாதிம் வீட்டில் விருந்து வைத்தார்கள். சமையல் என்னுடையது, மருமகள் ஜோயாவுக்கு முட்டைகூட வேகாது. தலைமை வடிவமைப்பாளர் மித்ரோஃபான் லுக்கிச் மனைவியோடு வந்தார். பிரிவுத் தலைவரும் வந்தார். அவர்கள் வருவதற்கு முன்னால் வாதிமைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. மோட்டார் எரிஞ்சது சாக்கு இருந்தப்பவா, கழட்டின அப்புறமா?"

"அம்மா, நாப்பது வண்டி கைமாறாம நின்னுச்சு. என் மேல எவ்வளவு நெருக்கடின்னு..."

"இருந்தப்பவா, கழட்டின அப்புறமா?"

"விருந்தாளி வர்ற நேரம்மா."

அவன் சின்ன வயதில் ஜாம் திருடித் தின்றுவிட்டு இதே மாதிரிதான் சன்னலைப் பார்ப்பான். பொய் சொல்லமாட்டான், பதிலும் சொல்லமாட்டான்.

வாத்து வறுவலைப் பெரிய இரும்புச் சட்டியோடு கொண்டுபோனேன். மேசை நடுவில் உங்கள் சாக்கை விரித்து, அதன் மேல் சட்டியை வைத்தேன். ஜோயாவின் வெள்ளை விரிப்பின் மேலேதான். ஜோயா அலறினாள்.

"என்ன இது! ஐயோ, நாறுது!"

"சட்டி சுடும்ல. விரிப்பு வெந்துடுமேன்னுதான்," என்றேன்.

மித்ரோஃபான் லுக்கிச் கிழவர், பழைய ரயில்காரர். குனிந்து மூக்கை வைத்துப் பார்த்தார். "இது சமையல்கட்டு நாத்தம் இல்லையே. இன்ஜின் எண்ணெய்ல. எங்கேர்ந்து வந்துச்சு, உஸ்தீன்யா ப்ரோகரோவ்னா?"

"என் மருமகன் வண்டிலேர்ந்து. நீங்க எல்லாரும் பரிசு வாங்கினீங்களே, அந்தத் துணிச் சட்டத்தோட அம்மா இது."

வாதிம், "அம்மா, போதும்" என்றான். நான் நிறுத்தவில்லை. அடுப்பு, உங்கள் கொழுக்கட்டை, கழற்றச் சொன்னது, கணவாய், மூன்றாவது மோட்டார், எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தேன். வாத்து ஆறிப்போனது. பிரிவுத் தலைவர் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மித்ரோஃபான் லுக்கிச் உப்பில் ஊறிய தர்ப்பூசணி ஒரு துண்டு எடுத்தார், தின்றார், விதையை ஒவ்வொன்றாகத் துப்பினார். அந்த நேரம் எனக்கு ஒரு வருஷம் மாதிரி இருந்தது.

"வாதிம், உங்கம்மா சொல்றது நடந்துச்சா?"

வாதிம் என்னைப் பார்த்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கிழவருக்கும் வசதியாகத்தான் இருந்திருக்கும். அவர் பெயரும் அந்தச் சான்றிதழில் இருக்கிறது.

"நடந்துச்சு," என்றான்.

"அப்ப அந்த அறிக்கையை எழுதின கையே நாளைக்கு அதை மாத்தி எழுதட்டும். நானும் கையெழுத்துப் போடறேன். சைபீரியா ஷெட்டுக்குத் தந்தி போகணும்." எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். வாசலில் நின்று என்னிடம், "வாத்து நல்லா இருந்திருக்கும்" என்றார்.

வாதிம் என்னை வீட்டுக்குக் கொண்டுவந்து விடவில்லை. டிராமில் தனியாக வந்தேன்.

என் மகன் கடைசியில் உண்மையைச் சொன்னான். அதையும் உங்கள் வீட்டில் சொல்லுங்கள். குறையை மட்டும் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

உஸ்தீன்யா


கெத்ரோவ்கா
1967 ஜனவரி 8

உஸ்தீன்யா ப்ரோகரோவ்னா,

தந்தி புத்தாண்டுக்கு முந்தின நாள் வந்தது. எகோருக்கு உரிமை திரும்பிவிட்டது. முதல் ஓட்டத்துக்கு மூன்றாம் தேதி போனான். வண்டி உங்கள் தொழிற்சாலையிலிருந்து புதிதாக வந்தது, சட்டமும் துணியும் மாட்டியே வந்திருக்கிறது. துணி என் சாக்கைவிட நெருக்கமாக இருக்கிறதாம், மைனஸ் நாற்பத்தைந்து டிகிரிக் குளிரில் சீக்கிரம் அடைத்துக்கொள்கிறதாம். உங்கள் மகனிடம் சொல்லுங்கள், அவர் பேசுகிறவராக இருந்தால்.

நன்றி என்று எழுதமாட்டேன். பறித்ததைத் திருப்பிக் கொடுத்ததற்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

ரிம்மா எழுதுவாள் என்று காத்திருக்காதீர்கள். இப்போது அவளுக்கு வேறு கோபம். "நாலு பேர் முன்னாடி எங்கண்ணனை நிக்க வச்சுட்டாங்களே, தனியா கூப்பிட்டுச் சொல்லக் கூடாதா?" என்று இரண்டு நாள் அழுதாள். உங்கள் ரத்தம்தான், எந்தப் பக்கம் இழுத்தாலும் வராது. நீங்கள் தனியாகவும் கேட்டுப் பார்த்தீர்கள் என்று சொன்னேன். நான் உங்களுக்காகப் பரிந்து பேச வேண்டி வந்தது பாருங்கள், இந்த வயதில்.

கிளாபீரா


ஸ்தெப்னோய்
1967 ஜனவரி 22

கிளாபீரா நிகீதிச்னா,

எனக்குப் பரிந்து பேசும்படி உங்களை யாரும் கேட்கவில்லை.

வாதிமைப் பிரிவு மாற்றிவிட்டார்கள். இப்போது இன்ஜின் பக்கம் இல்லை, டிராம் மோட்டார் வரைகிறான். பரிசை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவன் வருவதில்லை, ஜோயா பிள்ளைகளை அனுப்புவதில்லை. போரியாவை மட்டும் கடை வாசலில் பார்த்தேன். "பாட்டி, உங்ககூட பேசக் கூடாதாம்" என்று சொல்லிவிட்டு, போகிற வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டே போனான். நான் செய்ததற்கு வருத்தப்படுகிறேனா என்று கேட்டால், படுகிறேன். மறுபடியும் செய்வேனா என்றால், செய்வேன். இது இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கும் என்று உங்களுக்கு விளக்க வேண்டிய கட்டாயம் எனக்கில்லை.

துணி நெருக்கமாக இருப்பதை மித்ரோஃபான் லுக்கிச்சுக்கு எழுதிப் போட்டேன். உங்கள் சாக்கை அவரே கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார், இழை எண்ணுவதற்கு. திரும்பி வராது, எதிர்பார்க்காதீர்கள்.

ரிம்மா கோபமாகவே இருக்கட்டும். சும்மா இருந்ததற்கு இது மேல். ஒருநாள் திட்டியாவது எழுதுவாள்.

ஒரு காரியம் உண்டு. எகோரின் படம் என்னிடம் இருப்பது கல்யாணத்தன்று எடுத்தது மட்டும்தான். அதில் கழுத்துப்பட்டி இறுக்கி, கண் பிதுங்கி, யாரோ கைது செய்து கொண்டுவந்தவன் மாதிரி நிற்கிறான். வண்டியில் ஏறி, அவன் இடத்தில் உட்கார்ந்து, சன்னலில் முழங்கையை வைத்திருக்கிற மாதிரி புதிதாக ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பகல் வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள், முகம் தெரிய வேண்டும். ரிம்மா கீழே நின்றால் நிற்கட்டும், முறைத்துக்கொண்டு நின்றாலும் சரி. நீங்கள் அதில் நிற்க வேண்டிய அவசியமில்லை. இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கட்டி அனுப்புங்கள், எங்கள் தபால் நிலையத்துப் பெண் எதையும் மடித்துவிடுவாள்.

உஸ்தீன்யா